மெர்போக் புறாவும் மாமாவின் பழைய வண்டியும்

கெடா மாநிலத்தின் வரைபடத்தை ஒருமுறை விரித்துப் பாருங்கள், வாசகர்களே. சுங்கைப்பட்டாணிக்கு வடக்கே பீடோங். அங்கே பெரிய சாலையை விட்டு மேற்கே திரும்பினால் செமிலிங். அதையும் தாண்டிப் போனால் மெர்போக். ஒரு பக்கம் 1,217 மீட்டர் உயரத்தில் மேகத்தைத் தலைப்பாகையாகக் கட்டி நிற்கும் ஜெராய் மலை. மறுபக்கம் சேற்றில் வேரூன்றிய கண்டல் காடுகளுக்கு நடுவே, தஞ்சோங் டாவாய் நோக்கி நிதானமாக நடக்கும் மெர்போக் ஆறு. நடுவில் சின்னஞ்சிறு பட்டணம். அதைச் சுற்றி நெல்வயல், கம்பம், செம்பனை, மிச்சமிருக்கும் பால்மரங்கள்.

மெர்போக் என்பது மலாய் மொழியில் ஒரு பறவைக்கும் பெயர், தெரியுமா? கழுத்திலும் மார்பிலும் மெல்லிய வரிகள் ஓடும் சிறிய புறா அது. அதன் குரலுக்காகவே கூண்டில் வளர்க்கிறார்கள். உயரமான கம்பத்தில் கூண்டை ஏற்றி வைத்து, எந்தப் புறா இனிமையாகக் கூவுகிறது என்று போட்டி நடத்துவதும் உண்டு. நம் நாட்டில் மட்டுமல்ல, தென் தாய்லாந்திலும் இந்தோனேசியாவிலும் இந்தப் புறாவுக்கு ரசிகர்கள் ஏராளம்.

பாடும் புறாவின் பெயரைத் தாங்கிய அந்த ஊருக்குப் போய், காது அடைத்துத் திரும்பிய கதையை முதலில் சொல்கிறேன்.

'கொஞ்சம் சத்தமாச் சொல்லு!'

என் தாய்மாமன் ஒருவர் மெர்போக் பக்கம் குடியிருக்கிறார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் தோட்டத்தில் லாரி, டிராக்டர், லேண்ட்ரோவர் என்று எல்லாவற்றையும் ஓட்டியவர். தோட்டத்தில் கழித்துவிட்ட டீசல் லேண்ட்ரோவர் ஒன்றை வாங்கிவைத்து, இன்றைக்கும் அதைப் பிள்ளைபோலப் பார்த்துக்கொள்கிறார். 1971 முதல் 1985 வரை இங்கிலாந்தில் தயாரான மூன்றாம் வரிசை வண்டி. மழைக்காலத்தில் மலையடிவாரத்து டுரியான் தோப்புக்குள் போக வேண்டுமானால் அதைவிட்டால் வேறு கதி இல்லை என்பார்.

போன ஆண்டு பள்ளி விடுமுறைக்கு முந்தைய வாரம் போயிருந்தேன். பீடோங் பேருந்து நிறுத்தத்துக்கு மாமா வண்டியோடு வந்திருந்தார். ஏறி உட்கார்ந்தேன். சாவியைத் திருப்பினார். அவ்வளவுதான்! நெல் குத்தும் ஆலைக்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்தது போலிருந்தது. எஞ்சின் ஒரு பக்கம் 'தடதட' என்றது. கியர் பெட்டி ஒரு பக்கம் ஊளையிட்டது. கதவுகள் தாளம் போட்டன.

"அத்தை நல்லா இருக்காங்களா, மாமா?" என்று கேட்டேன்.

"ஆமா, மழை நல்லாப் பேஞ்சிருக்கு!" என்றார்.

செமிலிங் வரைக்கும் நாங்கள் பேசிக்கொண்டது முழுக்க இப்படித்தான். சிரிப்பாகத்தான் இருந்தது. வீட்டுக்குப் போன பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. எஞ்சின் ஓடாத வீட்டுக் கூடத்திலும் மாமாவுக்குக் காது சரியாகக் கேட்கவில்லை. ஏழு வயதுப் பேத்தி அருகில் வந்து மெல்லிய குரலில் ஏதோ சொல்ல, "கொஞ்சம் சத்தமாச் சொல்லு, கண்ணு" என்று மூன்று முறை கேட்டார். நான்காவது முறை அவள் சொல்லவில்லை. ஓடிவிட்டாள்.

"டாக்டர் என்ன சொன்னார்?" என்றேன்.

"போன காது போனதுதானாம். எனக்கு என்னடா, வயசாச்சு. இந்தப் பிள்ளைய தினமும் இதே வண்டியிலதான் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு போறேன். இவ காது என்ன ஆகும்னு நெனச்சாத்தான் தூக்கம் வரல" என்றார் மாமா.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் அந்த ஒரு வாரமும் போயிற்று.

காது தேய்வது எப்படி?

நம் உட்காதில் ஒலியை உணரும் மயிர்போன்ற நுண்ணிய செல்கள் இருக்கின்றன. பலத்த சத்தம் நாள்தோறும் தாக்கினால் அவை ஒவ்வொன்றாக மடிகின்றன. மனிதனுக்கு அவை மறுபடி முளைப்பதில்லை. முதலில் போவது கீச்சென்ற மேல்சுருதி ஒலிகள். அதனால்தான் லாரி வருவது கேட்கும். குழந்தை பேசுவது விளங்காது. வலி இல்லாமல் வருகிற குறை என்பதால் பலரும் காலம் கடந்தே உணர்கிறார்கள்.

சத்தத்தை டெசிபல் என்ற அளவால் குறிப்பிடுகிறார்கள். நம் நாட்டில் 2019-ஆம் ஆண்டு ஜூன் முதல் நடப்புக்கு வந்த வேலையிடச் சத்த விதிமுறைகளின்படி, ஒரு தொழிலாளி 8 மணி நேர வேலையில் சராசரியாக 85 டெசிபலுக்கு மேல் சத்தத்துக்கு ஆளாகக் கூடாது. இதில் ஒரு சூட்சுமம் உண்டு. 3 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் இரு மடங்கு. ஆகவே 88 டெசிபல் என்றால் 4 மணி நேரம்தான். 91 என்றால் 2 மணி நேரம்தான்.

அளக்கும் கருவி இல்லையே என்கிறீர்களா? கை நீட்டினால் தொடும் தூரத்தில் இருப்பவரிடம் குரலை உயர்த்திப் பேச வேண்டியிருக்கிறதா? அப்படியானால் நீங்கள் ஏறக்குறைய அந்த எல்லையில் இருக்கிறீர்கள். மாமாவின் வண்டி எந்தப் பக்கம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. சிறுமி பள்ளிக்குப் போய்வரும் சிறிது நேரத்தில் காது கெட்டுவிடும் என்று பயமுறுத்த மாட்டேன். நாள் முழுவதும் ஓட்டியவருக்கு வந்த நிலை அவளுக்கும் சிறுகச் சிறுகத் தொடங்க வேண்டாம் என்பதே எங்கள் எண்ணம்.

சத்தத்தின் வேரைத் தேடி

மறுநாள் காலை, செம்பனைக்கு நடுவே ஓடும் ஆளில்லாத சமதளச் சாலை ஒன்றில் வண்டியை நிறுத்தினோம். மாமா ஓட்டினார்; காது நன்றாகக் கேட்கும் நான் பின்னால் உட்கார்ந்து குறித்துக்கொண்டேன்.

முதல் சோதனை: வண்டியை நிறுத்தியபடியே எஞ்சினை முடுக்கினார். அப்போது எழும் சத்தம் எஞ்சினுடையது, புகைக்குழாயுடையது. இரண்டாவது: ஓடும்போது கியரை விடுவித்து, எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு உருளவிட்டார். அப்போதும் மிச்சமிருக்கிற சத்தம் டயருடையது, காற்றுடையது, அச்சுடையது. மூன்றாவது: கியரில் ஓடும்போது மட்டும் வருகிற ஊளை, கியர் பெட்டியுடையது. ஒரு காசு செலவில்லாத சோதனை. ஆனாலும் பாதி நோயைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

டீசல் எஞ்சின் ஏன் இப்படித் தட்டுகிறது? பெட்ரோல் எஞ்சினில் தீப்பொறி எரிபொருளைக் கொளுத்துகிறது. டீசலில் பொறி கிடையாது. காற்றை அமுக்கி அமுக்கிச் சூடேற்றி, அதில் எண்ணெயைப் பீய்ச்சுகிறார்கள். மாமாவின் இரண்டேகால் லிட்டர் எஞ்சினில் காற்று இருபத்து மூன்றில் ஒரு பங்காக நசுங்குகிறது. எண்ணெய் சட்டென்று பற்றும்போது உள்ளே சுத்தியலால் அடித்தது போன்ற அழுத்தம். நான்கு உருளை எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்றுச் சுற்றினால், விநாடிக்கு 100 அடி! எண்ணெய் பீய்ச்சும் நேரம் தவறினாலோ, பீய்ச்சும் முனை தேய்ந்தாலோ அந்த அடி இன்னும் பலமாக விழும்.

இந்த அடிகள் அலுமினியக் கலவைத் தகடுகளில் ஏறுகின்றன. மூன்றாம் வரிசை லேண்ட்ரோவரின் உடம்பு தட்டையான தகடு. உள்ளே மெத்தையும் இல்லை, துணியும் இல்லை. கோயில் மேளத்துக்கு வார் பிடித்தது போல இருக்கும். அதிராமல் என்ன செய்யும்?

வேலையை எங்கே தொடங்குவது?

மாமா செய்ய நினைத்திருந்தது என்ன தெரியுமா? கடையில் தடித்த கம்பளம் வாங்கி வண்டி முழுவதும் ஒட்டிவிடுவது! பலரும் செய்கிற தவறு இது. கம்பளம் மேல்சுருதி ஒலியைச் சிறிது உறிஞ்சுமே தவிர, அடிச்சுருதி உறுமலைத் தடுக்காது. போதாததற்கு மழைநீரைக் குடித்து வைத்துக்கொண்டு இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும். வேலைக்கு ஒரு வரிசை உண்டு.

முதலாவது, பழுது பார்ப்பது. பட்டறையில் புகைக்குழாயின் இணைப்பில் ஒரு கசிவு கண்டுபிடித்தோம். அது சத்தத்துக்கு மட்டுமல்ல, உயிருக்கும் பகை. மணமில்லாத நச்சுப்புகை வண்டிக்குள் புகுந்துவிடும். கியர் பெட்டியில் எண்ணெய் குறைந்திருந்தது. அடித்தகட்டில் நான்கு திருகாணிகளைக் காணவில்லை. எஞ்சினைத் தாங்கும் ரப்பர் மவுண்டிங் இரண்டு, எண்ணெய் ஊறி உப்பிப்போய்க் களிமண்ணாகக் கிடந்தன. இயற்கை ரப்பருக்கு எண்ணெய் ஆகாது. கசிவை நிறுத்தாமல் புது ரப்பர் போட்டால் அதுவும் அப்படியே கெடும். காட்டுச் சேற்றுக்கான முரட்டுப் பல் டயரோடு தார்ச்சாலையில் ஓடுவதும் இரைச்சல்தான். ஆனால் மாமாவுக்குத் தோப்புக்குள் போக அந்த டயர் வேண்டும், அதை விட்டுவிட்டோம்.

இரண்டாவது, ஓட்டை அடைப்பது. இதுதான் செலவு குறைந்த, பலன் நிறைந்த வேலை. ஆயிரத்தில் ஒரு பங்கு ஒலியை மட்டுமே விடுகிற நல்ல தடுப்பு ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். அதன் பரப்பில் நூறில் ஒரு பங்கு ஓட்டை இருந்தால், நூறில் ஒரு பங்கு ஒலி அந்த ஓட்டை வழியாகவே வந்துவிடும். முப்பது டெசிபல் தடுக்க வேண்டிய சுவர் இருபதைத்தான் தடுக்கும். பெரிய பானையானாலும் சிறு ஓட்டை போதுமல்லவா?

ஓட்டையைக் கண்டுபிடிக்க இருட்டில் ஒரு வேலை செய்தோம். நான் வண்டிக்குள் கதவை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பேத்தி கைவிளக்கை எடுத்துக்கொண்டு வெளியே சுற்றிவந்தாள். எஞ்சின் பக்கத்துத் தடுப்புத் தகட்டில் கம்பிகள் நுழையும் துளைகள், மிதிகட்டைகளின் அடி, கியர் கோல்களைச் சுற்றிய கிழிந்த உறை, கண்ணாடிக்குக் கீழே காற்றுக்காக வைத்த மூடிகள் எல்லாவற்றிலும் வெளிச்சம் நட்சத்திரம் போல மின்னியது. "இங்க ஒண்ணு! இங்க ஒண்ணு!" என்று அவளுக்கு ஒரே குதூகலம். வெளிச்சம் வரும் இடமெல்லாம் சத்தமும் வரும். கதவுக்கு வேறொரு சோதனை: ஒரு வெள்ளி நோட்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுங்கள். தடையில்லாமல் வந்தால் ஓரத்து ரப்பர் செத்துவிட்டது என்று பொருள். துளைகளுக்கு ரப்பர் வளையம், கோல்களுக்குப் புது உறை, கதவுகளுக்குப் புது ஓரப்பட்டை போட்டோம்.

மூன்றாவது, அதிர்வை அடக்குவது. தகட்டை விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். 'டங்' என்று மணிபோல் ஒலித்தால் அது அதிரும் தகடு. மேலே அலுமினியத் தாளும் கீழே பிசினும் உள்ள பியூட்டைல் ரப்பர் விரிப்பை, எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, தகட்டின் நடுவில் ஒட்டி, உருளையால் அழுத்த வேண்டும். 'டங்' என்பது 'டொக்' என்றாகிவிடும். தகடு முழுவதும் ஒட்ட வேண்டியதில்லை. கால் பங்கு முதல் அரைப் பங்கு வரை போதும். கூரைக்கு அடிக்கிற தார் விரிப்பு மலிவாயிற்றே என்று வாங்காதீர்கள். நம் வெயிலில் உருகி வழியும், நாற்றமும் போகாது.

நான்காவது, கனத்தால் தடுப்பது. தரையில் நீர் குடிக்காத நுரைப் பஞ்சு, அதன்மேல் கனத்த ரப்பர் விரிப்பு. தடுப்பின் கனம் இரு மடங்கானால் ஏறக்குறைய 6 டெசிபல் குறையும் என்பது பொதுவான கணக்கு. விரிப்பு தகட்டைத் தொடாமல் நுரையின்மேல் மிதப்பதுதான் இதன் ரகசியம். ஒட்டிவிடாமல் எடுத்து உலர்த்தும்படி போட்டால் துருவுக்குப் பயமில்லை.

கவனிக்க வேண்டியவை மூன்று. தண்ணீர் வடியும் துளைகளை அடைக்காதீர்கள். புகைக்குழாயின் அருகிலும் எஞ்சின் அறையிலும் தீப்பிடிக்கும் நுரையை வைக்காதீர்கள். ஓட்டுநர் காதைப் பஞ்சால் அடைத்துக்கொள்வது தீர்வே அல்ல. பின்னால் வரும் லாரியின் ஹார்ன் அவருக்குக் கேட்க வேண்டும்.

நம் பால்தான் காவல்!

கழற்றிப்போட்ட பழைய மவுண்டிங்கை அத்தை கையில் எடுத்துப் பார்த்தார். அவர் இருபது ஆண்டுக்கு மேல் பால் வெட்டியவர். விடியுமுன் பிரட்டுக்கு நின்று, தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு மரத்துக்கு மரம் ஓடியவர்.

"இதுவும் கித்தாதானா? வாளி வாளியாச் சுமந்து ஸ்டோர்ல ஊத்தினோம். அது எங்க போச்சுன்னு ஒருநாளும் பார்த்ததில்ல" என்றார்.

அவருக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். கதவு ஓரப்பட்டைக்கும் பியூட்டைல் விரிப்புக்கும் இன்று செயற்கை ரப்பர் வந்துவிட்டது. ஆனால் எஞ்சினின் அதிர்வைத் தாங்கும் வேலைக்கு மரத்துப் பாலில் வந்த ரப்பரையே இன்னமும் பெரிதும் நாடுகிறார்கள். அமுங்கியும் நீண்டும் லட்சக்கணக்கான முறை வளைந்தாலும் எளிதில் அறாத குணம் அதற்கு உண்டு. லண்டன் நகரில் சுரங்க ரயிலுக்கு மேலே 1966-இல் கட்டிய ஆல்பனி கோர்ட் என்ற அடுக்குமாடி வீடு, ரயிலின் அதிர்ச்சி ஏறாதபடி ரப்பர்த் திண்டுகளின்மேல் உட்கார்ந்திருக்கிறது. தூரத்து லண்டன் எதற்கு? 2014-இல் திறந்த பினாங்கு இரண்டாம் பாலமும் நில அதிர்ச்சியைத் தாங்க இயற்கை ரப்பர்த் திண்டுகளைத்தான் வைத்திருக்கிறது. அந்தப் பாலத்துக்கு நம் கெடாவின் மறைந்த சுல்தான் அப்துல் ஹலிம் அவர்களின் பெயர்.

அத்தை அந்த ரப்பரைத் தூக்கிப்போடவில்லை. கழுவித் துடைத்து, கதவு அடிக்காமலிருக்க முட்டுக் கொடுத்து வைத்துவிட்டார்.

புஜாங் பள்ளத்தாக்கில் ஒரு காலை

விடுமுறையின் முதல் நாள், மாமா, பேத்தி, நான் மூவரும் வண்டியில் புறப்பட்டோம். மெர்போக் வந்துவிட்டு புஜாங் பள்ளத்தாக்கைப் பார்க்காமல் போகலாமா? செமிலிங்கிலிருந்து வரும் வழியிலுள்ள சுங்கை பத்துவில், 2009 முதல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் தோண்டியதில் பழங்காலத்து இரும்பு உருக்கிய உலைகளின் தடயங்கள் கிடைத்தன. மெர்போக்கைத் தாண்டி மலையடிவாரத்தில் ஏறினால் தொல்பொருள் காட்சியகம். அங்கேதான் புக்கிட் பத்து பஹாட் கோயிலின் கல் அடித்தளம் இருக்கிறது. 1936, 37-ஆம் ஆண்டுகளில் குவாரிட்ச் வேல்ஸ் இப்பகுதியில் அகழ்ந்தார். சிதறிக் கிடந்த கற்களை அலஸ்டர் லாம்ப் 1960 வாக்கில் மீண்டும் அடுக்கி நிறுத்தினார். 1025-இல் ராஜேந்திர சோழனின் கப்பற்படை வந்த கடாரம் இந்த வட்டாரம்தான் என்று எண்ணும்போது, தமிழர் எவருக்கும் ஒரு கணம் உடல் சிலிர்க்கும்.

ஆனால் அன்று என்னைச் சிலிர்க்க வைத்தது வேறொன்று. போகும் வழியெல்லாம் நாங்கள் பேசிக்கொண்டே போனோம். எஞ்சின் சத்தம் நின்றுவிடவில்லை. அது டீசல் வண்டிதான், பட்டணத்துப் புதுக் கார் ஆகிவிடாது. கியர் பெட்டியின் ஊளை இன்னும் கொஞ்சம் இருக்கிறது. என்றாலும் கத்த வேண்டியிருக்கவில்லை. பின்னால் இருந்த பேத்தி தனக்குத் தானே ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வந்தது எனக்குக் கேட்டது. மாமாவுக்குப் பாட்டுக் கேட்கவில்லை. ஆனால், "தாத்தா, பசிக்குது" என்று அவள் சொன்னது முதல் தடவையிலேயே விளங்கிவிட்டது. உடனே கோப்பிக்கடை ஓரமாக வண்டியை நிறுத்தினார்.

கடை வாசலில் ஒரு கூண்டு தொங்கியது. உள்ளே வரிவரியான சிறு புறா. அது கூவத் தொடங்கியது.

"தாத்தா, புறா பாடுது, கேக்குதா?"

மாமா தலையைச் சாய்த்துக் கூர்ந்து கேட்டார். பிறகு மெல்லச் சொன்னார்: "கேக்கல கண்ணு. உனக்குக் கேக்குதில்ல? அது போதும்."

வாசகர்களே, உங்கள் வீட்டில் பழைய லேண்ட்ரோவர் இல்லாமலிருக்கலாம். டிராக்டர் ஓட்டும் அண்ணன் இருப்பார். முதுகில் புல்வெட்டும் இயந்திரம் மாட்டிய அப்பா இருப்பார். ஆலையில் ஷிப்டு பார்க்கும் தங்கை இருப்பாள். காதுக்குக் கவசம் கொடுத்தால் அலட்சியப்படுத்தாமல் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். தராவிட்டால் கேட்கச் சொல்லுங்கள். ஆண்டுக்கொருமுறை செவிப்புலன் சோதனை செய்துகொள்வது நல்லது. வேலைச் சத்தத்தால் வந்த செவிட்டுத்தன்மையும் 1969-ஆம் ஆண்டு சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலில் இருக்கிறது. ஆகவே அப்படிப்பட்டவர் சொக்சோவில் விசாரிப்பதற்குத் தயங்க வேண்டாம்.

மெர்போக் பக்கம் போனால், வண்டியை ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்துவிட்டு ஐந்து நிமிடம் சும்மா இருந்து பாருங்கள். புறா பாடும். அதைக் கேட்கிற காது உங்கள் பிள்ளைகளுக்கும் இருக்கட்டும்.